செவியும் கருவியும்

அஞ்செட்டி ஒரு மலைநாட்டு ஊர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, குன்றுகளும் காடுகளும் சூழ்ந்த நிலத்தில் அஃது அமைந்துள்ளது. வடக்கே ஓசூரில் ஆலைகளும் அகன்ற சாலைகளும் நிறைந்துள்ளன. அங்கிருந்து தெற்கே வரவர ஆலைகள் மறைகின்றன, மலைகள் எழுகின்றன. மேற்கே காடு; காட்டின் ஓரத்தில் காவிரி; காவிரிக்கு அப்பால் கருநாடக மாநிலம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது.

மழைக்காலம் கழிந்து கேழ்வரகுக் கதிர் முற்றும் நாளில் இப்பக்கத்து உழவர்க்கு உறக்கம் இல்லை. பன்னேர்கட்டாக் காட்டிலிருந்தும் காவிரிக் கரைக் காடுகளிலிருந்தும் யானைக் கூட்டங்கள் இடம்பெயரும் காலம் அது. ஆறு மாத உழைப்பு ஓர் இரவில் அழிந்துவிடலாம். ஆதலின் உழவர் வயலில் பரண் அமைத்து, தீ மூட்டி, கண்விழித்துக் காவல் காப்பர். யானை வரக் கண்டவர் உரக்கக் கூவுவார். அடுத்த பரணில் இருப்பவர் அக்குரலை ஏற்று அதற்கு அப்பால் உள்ளவர்க்குக் கூவுவார். குரல் எட்டும் தூரமே காவல் எட்டும் தூரமாக இருந்தது. காற்று எதிர்த்து வீசினால் காவல் பொய்த்தது.

அக்குறையைப் போக்க வந்தது கம்பியில்லாக் கருவி. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அஞ்செட்டிப் பகுதிக் காடுகளும் அதனுள் அடங்கும். இத்தகைய பெருங்காட்டில் கைப்பேசியின் அலைகள் எல்லா இடத்திற்கும் வந்து சேர்வதில்லை. வனக் காவலர்க்கு உற்ற துணையாவது கையில் ஏந்தும் ‘வாக்கி டாக்கி’யே. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசுகின்றார். அதே அதிர்வெண்ணில் காத்திருப்போர் அனைவரும் கேட்கின்றனர். பரணிலிருந்து கூவிய குரலுக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. குரல் செல்லும் தூரமே மாறியுள்ளது.

இக்கருவி இரண்டாம் உலகப் போரில் பெருவழக்கிற்கு வந்தது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மோட்டரோலா நிறுவனம் போர்வீரர்க்கென ஒரு கைக்கருவியைச் செய்தது. அதன் எடை இரண்டு கிலோவிற்கும் மேல். தரையில் அது பேசிய தூரமோ ஏறத்தாழ ஒரு மைல். அதன் அதிர்வெண்ணைக் காத்தது சிறிய குவார்ட்சுப் படிகம். ஒவ்வொரு படிகமும் தனக்குரிய ஓர் எண்ணிக்கையிலேயே அதிரும், வேறொன்றிற்கு இசையாது.

பேசுவதற்குக் கருவி பிறந்தபின், கேட்பதற்கு மட்டும் ஒரு கருவி பிறந்தது. அதற்கு ‘ஸ்கேனர்’ என்று பெயர். பல அதிர்வெண்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தேடி, எங்குப் பேச்சு ஒலிக்கின்றதோ அங்கு நின்று கேட்பது அதன் தொழில். அமெரிக்காவில் செய்தியாளரும் தீயணைப்புத் தொண்டரும் பொதுமக்களும் இதனைப் பெரிதும் கையாண்டனர். எந்தத் தெருவில் தீப்பற்றியது, எந்தச் சாலையில் வண்டி மோதியது என்பதனை அவர்கள் இதன் வாயிலாக உடனே அறிந்தனர்.

பழைய ஸ்கேனரையும் புதிய ஸ்கேனரையும் அருகருகே வைத்து நோக்கினால் அரைநூற்றாண்டு அறிவியலின் நடை புலப்படும். தொடக்க காலத்துக் கருவியில் ஓர் அலைவரிசைக்கு ஒரு படிகம் வேண்டும். எட்டு அலைவரிசை கேட்க விரும்பினால் எட்டுப் படிகம் வாங்கிப் பொருத்த வேண்டும். ஊர் மாறினால் படிகத்தையும் மாற்ற வேண்டும். 1970-களில் இந்நிலை மாறத் தொடங்கியது. ஒரே படிகத்தினின்று பல அதிர்வெண்களைப் படைத்துக்கொள்ளும் மின்சுற்று வந்தது. வேண்டிய எண்ணைப் பொத்தான்களால் பதித்தலே போதும் என்றாயிற்று. யூனிடன் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஒரு கருவி இன்னும் ஒருபடி மேலே சென்றது. அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொன்னால், அவ்வட்டாரத்து அலைவரிசைகளைத் தன் நினைவிலிருந்து அதுவே எடுத்துக்கொண்டது.

ஆயினும் பெரிய மாற்றம் பொத்தானில் நிகழவில்லை. குரல் செல்லும் முறையில் நிகழ்ந்தது. முன்னாளில் அனலாக் முறையில், பேச்சின் ஏற்றத்தாழ்வு அலையின் ஏற்றத்தாழ்வாகவே சென்றது. இந்நாளின் டிஜிட்டல் முறையிலோ, பேச்சு முதலில் எண்களாகப் பகுக்கப்படுகின்றது. அவ்வெண்கள் அலையேறிச் செல்கின்றன. மறுமுனையில் அவை மீண்டும் பேச்சாகின்றன. இதனால் விளைந்த பயன் சிறிதன்று. 2005-இல் ஐரோப்பாவில் வகுக்கப்பெற்ற டி.எம்.ஆர். என்னும் முறையில், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுடைய ஒரே அலைவரிசையில், காலத்தை நுண்ணிய கூறுகளாகப் பங்கிட்டு, இரண்டு உரையாடல்களை ஒருங்கே நடத்தலாம். இரைச்சலும் பெரிதும் குறைகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழும். புதியது எல்லா வகையிலும் சிறந்ததாயின் பழையதற்கு மதிப்பு எங்கே? மலைநாட்டான் ஒருவனே இதற்கு விடை கூற வல்லவன். அனலாக் குரல் தொலைவு செல்லச் செல்ல மெல்ல மெல்லத் தேயும். அதனோடு இரைச்சல் கலக்கும். ஆயினும் கூர்ந்து கேட்கும் செவி அவ்விரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சொல்லைப் பிரித்தெடுத்துவிடும். மலையின் மறுபுறத்தில் நிற்கும் காவலர் ஒருவர் பேசிய பத்துச் சொற்களுள் ஒன்பது அழிந்து, ‘யானை’ என்னும் ஒரு சொல் மட்டும் வந்து சேர்ந்தாலும், உயிர் ஒன்று பிழைக்கக்கூடும். டிஜிட்டல் குரலின் இயல்பு வேறு. அலை குறைந்தாலும் ஓர் எல்லைவரை அது தெளிவாகவே ஒலிக்கும். பிழைபட்ட எண்களைக் கருவி தானே திருத்திக்கொள்ளும். அவ்வெல்லையைக் கடந்த அளவிலோ பேச்சு சிதையும், உடனே ஓய்ந்துவிடும். முன்னது அந்திப் பொழுதைப் போல மெல்ல மங்குவது. பின்னது விளக்கை அணைத்தாற்போல ஒருகணத்தில் மறைவது. இவ்வேற்றுமையை அறிந்தே கருவியைக் கையாள வேண்டும். குன்றின் உச்சியில் அஞ்சல் நிலையம் அமைத்து அலையை ஏந்தி அனுப்ப வேண்டும்.

டிஜிட்டல் ஸ்கேனர்களுக்குள்ளும் பழையது, புதியது என்னும் பிரிவு உண்டு. யூனிடன் நிறுவனத்தார் 2014-இல் ஒரு கைக்கருவியையும் 2018-இல் மற்றொரு கைக்கருவியையும் வெளியிட்டனர். மாநகரங்களில் பல கோபுரங்கள் ஒரே செய்தியை ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவது உண்டு. அவ்வலைகள் கேட்பவரிடம் நுண்ணிய நேர வேறுபாட்டுடன் வந்து சேரும். இரண்டு குன்றுகளின் மேல் இருவர் ஒரே தாளத்தில் பறை முழக்கினாலும், இடையில் நிற்பவனுக்கு இரண்டு ஒலிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாளம் குழம்பும் அன்றோ? அதுபோலவே பழைய கருவி குழம்பியது. புதிய கருவி அலையின் அளவையும் அதன் கட்டத்தையும் ஒருங்கே அளந்து, கணக்கிட்டு, குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது. கேட்காது போன பேச்சு கேட்கலாயிற்று.

எனினும் பழையதற்கும் ஒரு நன்மை இருந்தது. 2014-ஆம் ஆண்டுக் கருவி கடிகாரத்திலும் கைவிளக்கிலும் இடும் சிறிய மின்கலங்கள் மூன்றினால் இயங்கும். அவை சிற்றூரின் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். புதியதோ தனக்கெனச் செய்த லித்தியம் மின்கலத்தையே வேண்டுகின்றது. மின்னேற்ற வாய்ப்பு இல்லாத காட்டில் அதற்கு மாற்று இல்லை. கருவியின் அறிவு பெருகும்போது அதன் தேவையும் பெருகுகின்றது. ஆதலின் ‘எது சிறந்தது?’ என்று வினவுதல் நிறைவுடைய வினாவன்று. ‘எவ்விடத்திற்கு, எப்பணிக்கு எது பொருந்தும்?’ என்று வினவுதலே அறிவுடைமை.

இனி, கருவியினும் பெரிய வினா ஒன்று உள்ளது. கேட்க இயலும் என்பதனாலேயே எதனையும் கேட்கலாமா? ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்பது நம் முதியோர் வழங்கும் பழமொழி. பேசுவோர்க்கு எச்சரிக்கை சொன்ன அவ்வறிவே கேட்போர்க்கும் ஒரு வரம்பு உண்டு என்பதனை உணர்த்துகின்றது. யானை எங்கு நிற்கின்றது என்னும் செய்தி உழவனுக்குச் சென்றால் அது காவல். தந்தத்திற்கு அலையும் கள்வனுக்குச் சென்றால் அது கேடு. சொல் ஒன்றே; செவிதான் வேறு. இக்காரணத்தாலேயே காவல் துறைகள் பல தம் டிஜிட்டல் பேச்சிற்குப் பூட்டிடுகின்றன. அப்பூட்டின் முன் எத்துணை விலையுயர்ந்த ஸ்கேனரும் செவிடே.

இந்தியாவில் கம்பியில்லாக் கருவியை உரிமம் இன்றி வைத்திருத்தல் கூடாது என 1933-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் பிறர் செய்தியை முறையின்றி இடைமறித்தலைக் குற்றமாகவே கொள்கின்றது. ஆதலின் அமெரிக்காவில் கடைப்பொருளாய் விற்கும் கருவியை இங்கு விருப்பம்போல் வாங்கிப் பிறர் பேச்சைக் கேட்டல் தகாது.

அங்ஙனமாயின் அலைகளின்பால் ஆர்வமுடைய இளைஞர்க்கு வழியே இல்லையோ? உண்டு. பன்னிரண்டு வயது நிறைந்தவர் எவரும் அரசின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, பொழுதுபோக்கு வானொலியாளர் ஆகலாம். உலகம் இவர்களை ‘ஹாம்’ என்று அழைக்கும். இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இவர்கள் கைக்கருவியால் பேசி மகிழ்கின்றனர். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் மாணவருடன் உரையாடும் குரலும் 145.8 மெகாஹெர்ட்ஸில் இறங்கி வருவதுண்டு.

இக்கலை வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதனை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 மெய்ப்பித்தது. ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது தொலைபேசிகள் ஓய்ந்தன. அவ்வேளையில் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் கருவியைப் பொதுத் தொண்டிற்கு ஆக்கினார். உறவினரின் நிலையறியாது கலங்கியோர்க்கு அவரும் அவர்தம் குழுவினரும் செய்தி சேர்த்தனர். பிறர் மறைவைக் கேட்க அவர் செவி திறக்கவில்லை; பிறர் துயரைக் கேட்கவே திறந்தது.

அஞ்செட்டியின் மலைகளில் இன்றும் இரவு கவிகின்றது. பரண்களில் தீ எரிகின்றது. காட்டின் விளிம்பில் காவலர் கையில் கருவி காத்திருக்கின்றது. அது பழையதாயினும் ஆகுக; புதியதாயினும் ஆகுக. மறுமுனையில் உறங்காத ஒரு செவி இருந்தால்தான் அதனுள் வரும் குரலுக்குப் பயன் உண்டு. கருவிகள் ஆண்டுதோறும் மாறும். உற்ற நேரத்தில் கேட்டலும், கேட்கத் தகாததைக் கேளாது விடுதலும் மாறாத பண்புகள். அவ்விரண்டையும் எந்நிறுவனமும் செய்து விற்பதில்லை. மாந்தர் தாமே பயின்று பெறுதல் வேண்டும்.