கடனாளியின் தமிழ்

எங்கள் சபையில் பிடி அரிசிக் காணிக்கை என்றொரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடுமுன் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாட்களிலும் என் அம்மா அந்தப் பிடியைக் குறைத்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பணத்துக்குக் கணக்கு வைத்திருந்தவன் நான். அதிலிருந்து 6,000 ரூபாயை எடுத்து மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டினேன்.

நான்கு மாதங்களில் திருப்பி வைத்துவிட்டேன். ஆண்டுக் கணக்கு பைசா பிசகாமல் வாசிக்கப்பட்டது. அம்மா பெண்கள் பக்கத்தில் முன் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பின் திருவிருந்து நாட்களில் நான் பந்திக்கு எழுந்து போனதில்லை. அப்பமும் ரசமும் பரிமாறப்படும்போது கடைசி இருக்கையில் தலை குனிந்து அமர்ந்திருப்பேன். ஜெபத்தை மட்டும் விட முடியவில்லை. விசுவாசம் போயிருந்தால் ஒருவேளை நிம்மதியாக இருந்திருப்பேன். அது போகவில்லை. நேசிக்கிறவரின் முகத்தைப் பார்க்கத்தான் துணிவில்லை.

தமிழ் அச்சு வரலாறு குறித்து வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபெப்ரிசியஸின் கதை என் கண்ணில் பட்டது. ஜெர்மானியரான ஜோஹன் ஃபிலிப் ஃபெப்ரிசியஸ் 1740-இல் தரங்கம்பாடி வந்து, 1742-இல் சென்னைக்குச் சென்றவர். பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1761-இல் புதுச்சேரியில் கைப்பற்றப்பட்ட அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவர் பொறுப்புக்கு வந்தது. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே 1772-இல் அச்சேறியது. 1779-இல் அகராதி ஒன்றும் வந்தது. முழங்காலில் நின்று மொழிபெயர்த்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1871-இல் வெளிவந்து இன்றும் நம் கோயில்களில் வாசிக்கப்படும் வேதாகமத்தின் நடைக்கு அடியில் அவருடைய தமிழ்தான் ஓடுகிறது.

இவ்வளவும் ஞாயிறு பள்ளியில் சொல்லத்தக்கவை. சொல்லப்படாத பகுதி வேறு. திருமணம் செய்துகொள்ளாமல் துறவியைப்போல் வாழ்ந்த அந்த மனிதர், பிறர் தம்மை நம்பி ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். பணம் திரும்பவில்லை. முதுமையில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். 1788-இல் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனது. 1791-இல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாட்டின் கடைசிப் பகுதி 1796-இல் அச்சேறியபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்வது பொருந்தாது என்பது தெரியும். அவர் தமக்கென எதையும் எடுத்துக்கொண்டவர் அல்லர். நான் எடுத்தது என் வண்டிக்காக. ஆனால் பணத்தை இழந்தவர்களுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்? நல்ல தமிழ் எழுதினார் என்பதற்காக அவர்களுடைய கடன் தீர்ந்துவிடவில்லை. கடன் தீரவில்லை என்பதற்காக அந்தத் தமிழ் பொய்யாகிவிடவும் இல்லை. இரண்டும் ஒரே கையின் வேலை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிட நான் அதுவரை முயன்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கர்த்தருடைய ஜெபத்தில் நாம் மன்னிக்கச் சொல்லிக் கேட்பது கடன்களைத்தான். மத்தேயுவின் கிரேக்க மூலத்திலும் கடன் என்ற சொல்தான் இருக்கிறது. ஃபெப்ரிசியஸின் தாய்மொழியிலோ கடனுக்கும் குற்றத்துக்கும் சொல் ஒன்றே. சிறையில் அந்த ஜெபத்தைச் சொல்லியபோது அந்த இடத்தில் அவருடைய நா தடுமாறியிருக்காதா?

பேதுருவையும் நினைத்துக்கொண்டேன். கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னவன், பின்பு கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பின் அருகே அவரைச் சந்திக்கிறான். ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. தன்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை அவனுக்குத் துக்கம் வருகிறது. உமக்கே எல்லாம் தெரியுமே என்கிறான். எல்லாம் என்பதில் அந்த இரவும் அடக்கம். பதிலுக்கு அவனுக்குக் கிடைப்பது ஆறுதல் மொழி அல்ல, ஆடுகளை மேய்க்கும் வேலை.

அடுத்த வாரம் குருவானவரிடம் போய்ச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்றேன். "அப்படியானால் அரிசி கொடுத்த மற்றவர்களிடம் சொல்லுங்கள்" என்றார்.

பெண்கள் கூடும் நாளில் போய் நின்று சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர்கள் கோபம் நியாயமானது. அம்மாவோடு பாடல் குழுவில் இருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, யய்யா. இந்த மாசம் அரிசி அளக்க ஆள் இல்லை. நீ வாறியா?" என்றார்.

மாதக் கடைசியில் போனேன். கலயங்கள் வரிசையாக இருந்தன. படியை ஒருவர் என் கையில் கொடுத்தார். நான் அளந்து சொல்லச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியபின் ஒருமுறை தானும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.