டிவி சத்தத்தை பழைய செட்டுக்கு இழுத்த கதை

மல்லாட்டை கொத்து வேலை முடிஞ்சு ரெண்டு நாள் ஓய்வு கிடைச்சுது. அதனால இந்த தடவை வெள்ளாமையை விட்டுட்டு வீட்டு விஷயம் எழுதறேன். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு உபயோகப்படும்.

எங்க அம்மாவுக்கு வயசு எண்பது தாண்டிடுச்சு. 2006ல ஆரம்பிச்ச இலவச கலர் டிவி திட்டத்துல வந்த 14 இன்ச் டிவிதான் எங்க வீட்டுல ரொம்ப வருசம் ஓடுச்சு. அது போனப்புறம் பையன் பெரிய தட்டை டிவி வாங்கி சுவத்துல மாட்டினான். படம் பளிச்சுன்னு இருந்துச்சு. ஆனா அம்மா கொஞ்சம் கொஞ்சமா டிவி முன்னாடி உக்கார்றதையே விட்டுட்டாங்க. "என்ன பேசறான்னே தெரியலடா, வாயில வெத்தலைய வெச்சிக்கினு பேசறமாதிரி இருக்குது"ன்னு சொல்வாங்க. சத்தத்தைக் கூட்டி வெச்சா படிக்கிற பேத்தி கத்துவா. கடைசியில அம்மா சாயந்திரம் ஆனா திண்ணையில தனியா போய் உக்காந்துப்பாங்க. உள்ளே நாங்க சிரிச்சா "என்னாடா?"ன்னு கேப்பாங்க. அப்புறம் கேக்கறதையும் விட்டுட்டாங்க. அதுதான் எனக்கு மனசைப் பிசைஞ்சுது.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. தட்டை டிவிக்குள்ள ஸ்பீக்கர் வைக்க இடமே கிடையாது. சின்னதா ரெண்டை அடியிலயோ பின்பக்கமோ வெச்சுடறாங்க. சத்தம் சுவத்துலயும் தரையிலயும் பட்டு நமக்கு வருது. ரெண்டாவது, வயசானா காதுல முதல்ல குறையறது கீச்சு சத்தம்தான். எழுத்தோட இழுப்பு கேக்கும், ச, த, க, ப வித்தியாசம் கேக்காது. பால்னு சொன்னா கால்னு கேக்கும். அதனால சத்தம் வேற, தெளிவு வேற. எவ்வளவு கூட்டினாலும் தெளிவு வராது.

எங்க வீட்டு பரண் மேல பழைய டேப் செட்டு ஒண்ணு இருந்துச்சு. கேசட் ஓடாது, ஆனா ஸ்பீக்கர் ரெண்டும் நல்லா இருக்கு. பின்னாடி 'ஆக்ஸ் இன்'னு செவப்பு, வெள்ளை ஓட்டை இருந்துச்சு. இது இருந்தா போதும்.

டிவி பின்னாடி என்ன ஓட்டை இருக்குன்னு முதல்ல பாருங்க. டிவியோட 'அவுட்'ல இருந்து செட்டோட 'இன்'னுக்குப் போகணும், வாய்க்கால்ல தண்ணி பாயறமாதிரி. நிறைய டிவியில இருக்கற செவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டை 'இன்'தான், அதுல மாட்டினா ஒண்ணும் வராது.

ஹெட்போன் ஓட்டை இருந்தா வேலை சுலபம். ஒரு பக்கம் ஹெட்போன் பின், மறுபக்கம் செவப்பு வெள்ளை பின் இருக்கற வயர் கடையில கிடைக்கும். எங்க டிவியில அது இல்ல. 'ஆப்டிகல்'னு சின்ன சதுர ஓட்டை இருந்துச்சு, உள்ளே செவப்பு வெளிச்சம் தெரியும். அதுல சத்தம் வெளிச்சமா போகுது, பழைய செட்டுக்கு அது புரியாது. நடுவுல டிஜிட்டலை அனலாகா மாத்தற சின்ன டப்பா வேணும். திருவண்ணாமலை டவுன்லயே கிடைச்சுது. மாட்டிட்டு டிவி செட்டிங்ஸ்ல சவுண்டு அவுட்டை 'பிசிஎம்'னு மாத்தணும், இல்லன்னா நிறைய டப்பாவுல சத்தமே வராது. கேபிள் மட்டும் பாக்கறவங்க செட்டாப் பாக்ஸ் பின்னாடி இருக்கற செவப்பு வெள்ளையில இருந்தே நேரா இழுத்துக்கலாம். புது ஆம்ப்ளிபையர் வெச்சிருந்தா, ரெண்டுலயும் 'ஏஆர்சி'ன்னு போட்ட எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கான்னு பாருங்க, ஒரே வயர்ல முடிஞ்சுடும். புளூடூத்தும் உண்டு, ஆனா வாய் முதல்ல அசையும், பேச்சு பின்னாடி வரும்.

எச்சரிக்கை ஒண்ணு. கரண்டை நிறுத்திட்டுதான் பின்னை மாட்டணும். ஆம்ப்ளிபையர்ல ஸ்பீக்கருக்குப் போற வயரை எக்காரணத்துக்கும் டிவியில கொடுக்காதீங்க, டிவி போயிடும். கொய்ய்னு இரைச்சல் வந்தா டிவி, செட்டு ரெண்டையும் ஒரே போர்டுல மாட்டிப் பாருங்க.

ஸ்பீக்கர் ஒண்ணை அம்மா கட்டில் பக்கத்துல, காது உயரத்துக்கு வெச்சேன். பேஸைக் குறைச்சு டிரபிளைக் கொஞ்சம் கூட்டினேன். மொத்த சத்தம் முன்னைக்குப் பாதிதான். பேத்தியும் கத்தல.

நம்ம ஊரு மலைக்கு மேற்குப் பக்கம். கார்த்திகை தீபத்தன்னைக்கு உச்சியில எரியறது வாசல்ல நின்னா தெரியும். ஆனா பெரிய கோயில்ல அர்த்தநாரீஸ்வரர் சில நிமிசம் வெளியே வந்து போறதை டிவியிலதான் பாக்கணும், அம்மாவால அந்தக் கூட்டத்துல போக முடியாது. அந்த வருசம் முழுசா உக்காந்து கேட்டாங்க. வர்ணனை சொல்றவருக்கே பதில் பேசினாங்க. "பரணி தீபம் காலையிலயே ஏத்தியாச்சுப்பா, அதை ஏன் இப்ப சொல்ற"ன்னு. டிவியில தீபம் வர்றதுக்கு முன்னாடியே தெருவுல அரோகரா சத்தம் வந்துடுச்சு, டிவி சில வினாடி பிந்தித்தானே காட்டும். "தெரு ஜனம் முந்திக்கிச்சு"ன்னு அம்மா சிரிச்சாங்க.

இப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு திண்ணையில இருந்து கூப்பிட வேண்டியதில்ல. செய்தியில வந்ததை வெச்சு என்கிட்ட சண்டையும் போடறாங்க. காது டாக்டரைப் பாக்கறதுக்கு இது பதில் இல்லைங்க, அதையும் பண்ணணும். ஆனா உங்க வீட்டுல பெரியவங்க "கேக்கல"ன்னு சொன்னா, ரிமோட்டுல சத்தத்தை ஏத்தறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பாக்குதுன்னு ஒரு தடவை பாருங்க. பரண் மேலயும் தேடிப் பாருங்க.