மீன் தொட்டியும் வைகை அணையும்

ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வேலை வேண்டுமல்லவா? போன கோடை விடுமுறையில் வந்த பேரன், காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டில் பெரிய மீன் தொட்டி ஒன்று வைக்க வேண்டும் என்றான். கடையில் வாங்காமல் நாமே செய்வோம் என்று முடிவானது.

"ஐயா, அஞ்சடி நீளம், மூணடி உயரம் வெச்சா கடல் மாதிரி இருக்கும்" என்றான். நீளத்துக்குச் சரி என்றேன், உயரத்துக்கு ஒப்பவில்லை.

காரணம் சொல்கிறேன். தண்ணீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. வைகை அணையின் நிலவரத்தைப் பத்திரிகையில் அடிக்கணக்கில்தானே போடுகிறார்கள்? மொத்தம் 71 அடி. 69 அடியைத் தொட்டால் மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை. அணைச் சுவரும் ஊருணிக் கரையும் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருப்பது இதனால்தான். கண்ணாடியை அப்படிச் சரிவாகச் செய்ய முடியாது. அடியில் தாங்கும் கனத்தையே மேல்வரை வைத்தாக வேண்டும்.

பேரனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 20 கன அடி, அதாவது சுமார் 566 லிட்டர். முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை சுமார் 280 கிலோ. உயரத்தை 3 அடியாக்கினால் அது சுமார் 635 கிலோ ஆகிறது. உயரம் ஒன்றரை மடங்கு, தள்ளுவிசை இரண்டேகால் மடங்கு! பையன் பேசாமல் 2 அடிக்கு இறங்கிவந்தான்.

அடுத்தது கண்ணாடிக் கடை. "அண்ணே, எட்டு எம்.எம். போதும், நாலடித் தொட்டிக்கெல்லாம் அதுதான் போடுறோம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன தொட்டிகள் ஒன்றரை அடி உயரம். நமக்கு 2 அடி, நீளமும் அதிகம். நீளம் கூடினால் கண்ணாடி கூடுதலாக வளையும். கண்ணாடியின் தாங்குதிறன் கனத்தின் வர்க்கத்தில் கூடும். 8 எம்.எம்.மை விட 12 எம்.எம். இரண்டேகால் மடங்கு தாங்கும். வளைவோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தொட்டி முன்னால் இரண்டு வயதுப் பேத்தி முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். 12 எம்.எம். என்றே சொல்லிவிட்டேன். டஃப்பண்ட் கண்ணாடி வேண்டாம் என்றேன். அது பலம்தான். ஆனால் உடைந்தால் ஒரே நொடியில் முழுதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் விரிசல் விட்டுக் கசியும். ஓடிவந்து தண்ணீரை இறைக்க நேரம் கிடைக்கும்.

இனி மேல்பட்டை. மேல் விளிம்பில் அழுத்தமே இல்லையே, அங்கே எதற்குப் பட்டை என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடியின் மற்ற மூன்று பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். மேல்பக்கம் மட்டும் பிடிப்பில்லாமல் நிற்கும். எனவே மேல் விளிம்பின் நடுப்பகுதிதான் அதிகம் பிதுங்கும். அடிஸ்கேலைத் தட்டையாகப் பிடித்தால் வளையும், அகலவாட்டில் வளைக்க முடியாது. அதே தத்துவத்தில் 3 அங்குல அகலப் பட்டைகளை முன்னும் பின்னும் உள்பக்கமாகப் படுக்கவைத்து, நடுவில் ஒரு குறுக்குப் பட்டையால் இரண்டையும் இணைத்தோம். நூல் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் நிரம்பிய பிறகும் பிதுக்கம் ஒரு எம்.எம். கூட இல்லை.

ஒட்டுவதற்கு மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகான்தான் வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிகான் மீனுக்கு ஆகாது. ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டோம். 2022 டிசம்பர் 16 அன்று ஜெர்மனியில், பெர்லின் நகரத்து ஹோட்டல் ஒன்றில் 10 லட்சம் லிட்டர் மீன் தொட்டி விடியற்காலையில் வெடித்துச் சிதறியது நினைவிருக்கும். அது அக்ரிலிக்கால் ஆனது. காரணம் திட்டவட்டமாகத் தெரியவரவில்லை. ஒட்டிய இணைப்பு விட்டுப்போயிருக்கலாம் என்பது நிபுணர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒன்று. பகலில் நடந்திருந்தால் எத்தனை பேரோ!

கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து சுமார் 670 கிலோ. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நாலு கால் மட்டும் ஊன்றினால் கல் பிளந்துவிடும். அதனால் கால்களுக்கு அடியில் பலகை கொடுத்துச் சுமையைப் பரப்பினோம். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரித்தோம். ஸ்டாண்டில் சிறு மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடி அந்த இடத்தில் விரிசல் விடும்.

முதலில் முற்றத்தில் வைத்து, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஒரு வாரம் விட்டுப் பார்த்தோம். கசிவில்லை என்று உறுதியான பிறகு அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டோம்.

உங்கள் வீட்டிலும் பேரன் பேத்திகள் தொட்டி கேட்டால், கடைக்குப் போகுமுன் முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் உயரத்தைக் குறையுங்கள். கண்ணாடியின் கனத்தில் கை வைக்காதீர்கள்.