கித்தா

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவப் போன நம் பெரியவர்களுக்கு அது ரப்பர் இல்லை, கித்தா. மலாயில் 'கெத்தா' என்றால் பிசின், மரப்பால். நம் நாக்கில் கித்தாவாயிற்று.

அதே சொல் ஆங்கிலத்துக்கும் போனது. 'கெத்தா பெர்ச்சா' வேறொரு மரத்தின் பிசின். 1851இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. லத்தீனில் துளியைக் குறிக்கும் 'குத்தா'வின் சாயல் ஏறி, ஆங்கிலத்தில் அது குத்தா-பெர்ச்சா ஆனது. 'ரப்பர்' என்ற பெயரோ பென்சில் எழுத்தைத் தேய்த்து அழித்ததால் வந்தது.

எனக்குப் பிரியமானது பால் எடுத்தவர்கள் சொன்ன பெயர்தான். நெகிரியில் கித்தா மரம் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை. கித்தா, ஒட்டுப்பால், பெரட்டு என்று பேசும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.