எதை வச்சு சொல்றீங்க?

ஒரு மர்மத் தொடர் முடிந்த இரவில் நண்பர்கள் குழுவில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இதுக்குத்தான் எட்டு எபிசோட் முழிச்சிருந்தேனா?” யார் கொன்றார்கள் என்று சொல்லாமல் முடித்தால் கோபம். சொல்லி முடித்தால், “அட, இவ்வளவுதானா?” என்ற சலிப்பு. இரண்டுமே நியாயமான குறைதான். எட்டு மணி நேரத்தை நம்பிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பதிலாகத் தொடர் நமக்குத் தர வேண்டியது என்ன?

‘தெளிவான பதில்’ என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்தத் ‘தெளிவு’ என்ற சொல்லின் மேல்தான் சந்தேகம்.

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் ‘மர்மதேசம்’ வராமல் போகாது. தொண்ணூறுகளின் பின்பாதியில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த தொடர். கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்தது. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. அதில் ‘விடாது கருப்பு’ என்ற பகுதி வந்தபோது எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் பகல் முழுக்க, பாதி ராத்திரி வரை தறிச்சத்தம்தான். அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் நாலைந்து வீட்டில் தறியை நிறுத்திவிடுவார்கள். டிவி இருந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆள் இருக்கும்.

தோட்டக்காரமங்கலம் என்ற ஊர். தப்பு செய்தவனைக் காவல் தெய்வம் கருப்பு தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. உண்மையிலேயே சாமிதானா, இல்லை சாமி பெயரில் யாராவது ஆளா? வாரக்கணக்கில் எங்களைப் பிடித்து வைத்திருந்த கேள்வி இதுதான். கடைசியில் தொடர் பதிலும் சொன்னது. ஒரு மனிதனுக்குள் இரண்டு ஆளாக வாழும் மனநிலை என்று விளக்கியது. அந்த மனிதன் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

அப்பாவுக்குத் திருப்தி. “பாத்தியா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு” என்றார். ஆயாவுக்குத் திருப்தி இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அது சரி கண்ணு, அவனுக்குள்ள வந்தது யாரு?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

தொடர் தோற்ற இடம் இது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ‘செய்தது யார், எப்படி?’ என்ற கேள்வியைத் தொடர்தான் எங்களிடம் கொண்டுவந்தது, அதுவே பதிலும் கொடுத்தது. ஆயா கேட்டது அவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்த கேள்வி. அதற்கு நாகாவோ இந்திரா சௌந்தர்ராஜனோ கடன்பட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை மிதிக்காமல் விட்டுவைத்தார்கள். சாமி கும்பிடுகிறவர்களைக் கேலி செய்து முடிக்கவில்லை.

இந்த இரண்டு கேள்விகளும் குழம்பிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 1990இல் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த ‘ட்வின் பீக்ஸ்’. லாரா பால்மரைக் கொன்றது யார் என்று நாடே கேட்டது. உருவாக்கிய டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரில் லிஞ்சுக்கு அதைச் சொல்லவே விருப்பமில்லை. தொலைக்காட்சி நிறுவனம் நெருக்க, இரண்டாவது சீசன் நடுவிலேயே கொலையாளியைக் காட்டினார்கள். பார்ப்பவர்கள் குறைந்தார்கள், 1991இல் தொடர் நின்றது. பதில் சொன்னதுதான் அதைக் கொன்றது என்று லிஞ்ச் ரசிகர்கள் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அந்தப் பதில் வந்த எபிசோடுகள் இன்றைக்கும் நடுங்க வைக்கின்றன. அதற்குப் பிறகு தொடரிடம் கேட்பதற்கு வலுவான கேள்வி இல்லாமல் போனதுதான் சிக்கல். 2004 முதல் 2010 வரை ஓடிய ‘லாஸ்ட்’ நேர் எதிர். கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிக்கொண்டே போனது. கடைசி எபிசோடில் மனிதர்களுக்குள் இருந்த உறவுகளை முடித்து வைத்தது, தீவைப் பற்றிய பல கணக்குகளை அப்படியே விட்டது. அழுதவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு.

தெளிவான பதில் மேல் எனக்கு ஏன் சந்தேகம் என்று சொல்கிறேன்.

என் சித்தப்பா 1994இல் நூல் எடுத்துவர ஈரோட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, கடிதம் இல்லை. தறியில் பாதி நெய்த சேலை அப்படியே இருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அப்புறம் ஆயா குறி கேட்கக் கிளம்பினார். சின்ன வயதில் துணைக்கு நானும் போயிருக்கிறேன். ஒருத்தர், வடக்கே கடலோரத்தில் ஓட்டல் வேலையில் இருக்கிறான் என்றார். இன்னொருத்தர், கல்யாணமாகி ரெண்டு பிள்ளை என்றார். மூன்றாமவர், சனி விலகினால் ஆடிக்குள் வருவான் என்றார். நான்காமவர், திதி கொடுத்துவிடுங்கள் என்றார்.

நாலுமே தெளிவான பதில்தான். ஒரு இழை குழப்பம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் ஆயா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “எதை வச்சு சாமி சொல்றீங்க?” யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். 2011இல் ஆயா இறக்கும் வரை திதி கொடுக்கவிடவில்லை. ‘வருவான்’ என்றும் சொல்லவில்லை. தெரியாது என்பதோடு பதினேழு வருஷம் இருந்தார். அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பதில் கிடைப்பது கஷ்டமே இல்லை, காணிக்கை வைத்தால் யாரும் சொல்வார்கள். காட்டியதிலிருந்து பிறந்த பதில்தான் அபூர்வம். பாவிலும் ஊடையிலும் இல்லாத நிறம் சேலையில் வராது. கடைசி எபிசோடில் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்து ‘இவன்தான்’ என்று காட்டும் தொடர் தெளிவாகத்தான் பேசுகிறது. ஆனால் அது குறி சொல்கிறது.

2022இல் வந்த ‘சுழல்’ தொடரை இதனால்தான் மதிக்கிறேன். சாம்பலூரில் ஒரு பெண் காணாமல் போகிறாள். மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. பதில் வெளியே எங்கிருந்தோ வருவதில்லை, தொடக்கத்திலிருந்தே நம் கண் முன்னால் நடமாடுகிறது. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் அந்தத் தொடர் திருப்பிப் போட்டுக் காட்டும். அதே வருஷம் வந்த ‘வதந்தி’யும் கொலைக்குப் பதில் சொல்கிறது. ஆனால் வெலோனி யார் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்ன கதைகளுக்கு நடுவில் விட்டுவைக்கிறது. அதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் சேலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. ஆயா அங்கே பொங்கல் வைத்தவர். அந்தச் சிலை புத்தர் சிலை என்று ஒரு வழக்கு. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி தொல்லியல் துறை ஆய்வு செய்தது. தாமரைப் பீடம், உட்கார்ந்திருக்கும் விதம், தியானத்தில் வைத்த கைகள், சுருள்முடி, நீண்ட காது என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இது புத்தர்தான் என்றது. துண்டான தலையைப் பிற்பாடு ஒட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

எதை வச்சு என்ற கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்ன பதில் அது. ஆனால் தலையை வெட்டியது யார்? எந்தக் காலத்தில்? புத்தர் எந்த நாளில் முனியப்பன் ஆனார்? அவை வழக்கின் கேள்விகள் அல்ல. மகனைக் கேட்டு ஆயா அங்கே அழுதது யாரிடம் என்ற கேள்வியை எந்த நீதிமன்றத்திலும் போட முடியாது. அறிக்கை வந்ததால் மர்மம் தீர்ந்துவிடவில்லை. சரியான இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

ஒரு தொடரிடமும் நான் எதிர்பார்ப்பது இதையேதான். நீ கேட்ட கேள்விக்கு நீ காட்டியதை வைத்தே பதில் சொல். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்று நிறுத்தினாலும் சரி, அதுவும் காட்டியதிலிருந்து வந்திருக்க வேண்டும். அடுத்த சீசனுக்கு ஆள் பிடிக்க வைத்த ஓட்டையாக இருக்கக் கூடாது.

‘விடாது கருப்பு’ இப்போது யூடியூபில் கிடைக்கிறது. முடிவு தெரிந்தவர்களே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நானும் மூன்று முறை பார்த்துவிட்டேன். யார் என்று தெரிந்த பிறகும் ஊர் எல்லையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் முதுகு சிலிர்க்கத்தான் செய்கிறது.