கரிசலில் நிற்கும் வீடு

2023 மே மாதம், கோவில்பட்டிக்கு அருகில் அம்மா தனியாக வசிக்கும் வீட்டின் தென்மேற்கு அறையில், சன்னலின் மேல்மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஓடிய விரிசலில், பத்து ரூபாய் நாணயங்கள் மூன்றை அடுக்கி நுழைக்க முடிந்தது. நுழைத்துப் பார்த்தவர் அம்மாதான். விடுமுறைக்குச் சென்றிருந்த எங்களிடம் அதைச் செய்து காட்டிவிட்டு, “போன வருஷம் ஒண்ணுதான் போச்சு மாப்பிள்ளை” என்றார்.

நாங்கள் இருவரில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கியில் கணக்குப் பார்ப்பவர். கட்டடக் கலைக்கும் எங்களுக்கும் தொடர்பு கிடையாது. ஆகவே எல்லாரும் செய்வதையே செய்தோம். தெரிந்தவர்களிடம் விலை கேட்டோம். முதலில் வந்த மேஸ்திரி விரிசலைக் கொத்தி, கம்பிவலை அடித்து, பூசி, வண்ணமும் தீட்டித்தர 85,000 ரூபாய் கேட்டார். அடுத்து வந்த ஒப்பந்தக்காரர் அஸ்திவாரமே இறங்குகிறது என்றும், வீட்டைச் சுற்றிலும் ஐந்தடி ஆழத்துக்குத் தோண்டிக் கான்கிரீட் கொடுக்க வேண்டும் என்றும் கூறி, 11,40,000 என்று எழுதிக் கொடுத்தார். ஒரே விரிசலுக்கு இவ்விரு தொகைகள். ஒருவர் ஏமாற்றுகிறார் என்பது மட்டும் எங்களுக்கு உறுதியாயிற்று. எவர் என்பதில்தான் இரண்டு வாரம் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. இருவருமே ஏமாற்றவில்லை, இருவரும் மண்ணைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்பது பின்னரே புரிந்தது.

மண்ணைப் பார்க்காத குற்றம் எங்களுக்கும் உண்டு. கி. ராஜநாராயணனின் கரிசல் கதைகளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் நிலத்தையும், மழை பெய்ததும் காலைக் கவ்விக்கொள்ளும் சேற்றையும் மாணவர்களுக்கு விளக்குகிறோம். அந்த வெடிப்பு வயலோடு நின்றுவிடும் என்று எப்படி எண்ணியிருந்தோம்? நீரை உறிஞ்சி நெடுநாள் பிடித்து வைத்திருப்பதால்தான் கரிசல் பருத்திக்கு உகந்ததாகிறது. அதே குணம்தான் வீட்டுக்குப் பகை. மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதில் மிகுதி. ஈரம் கிடைத்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் நிலம் எழும். சித்திரை, வைகாசியில் அடங்கும். மேலே நிற்கும் சுவரும் கூடவே எழுந்து அடங்கித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதாக வந்த பொறியாளர் விலை சொல்ல மறுத்துவிட்டார். ரசமட்டத்தைத் தரையில் அங்கங்கே வைத்துப் பார்த்தார். விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, அருகில் தேதி எழுதினார். “மாசா மாசம் இதை மட்டும் அளந்து எழுதி வைங்கம்மா” என்று அம்மாவிடம் கூறினார். “அளந்தா சரியாயிடுமா தம்பி?” என்று அம்மா கேட்டதற்கு அவர் சிரித்தாரேயொழிய விடை சொல்லவில்லை. இருபதடி ஆழம் வரை துளையிட்டு மண் எடுத்துச் சோதிப்பதற்கு 22,000 ரூபாய் ஆகும் என்றார். ஒரு செங்கல்கூட நகராமல் 22,000 செலவழிப்பதில் எங்களுக்குத் தயக்கம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

சோதனையின் ஒரு பகுதியை நேரில் பார்க்க வாய்த்தது. சலித்த உலர்மண் பத்து கிராம் வீதம் இரண்டு கண்ணாடிக் குழல்களில் இடுகிறார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் உப்புவதில்லை. மறுநாள் பார்த்தபோது மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டர் அளவில் அடங்கிக் கிடந்த நம்மூர் மண், தண்ணீரில் 19 வரை பொங்கியிருந்தது. 50 விழுக்காடு உப்பினாலே மிகவும் அஞ்ச வேண்டிய மண்ணாம், எங்களுடையது 90. அம்மா நாற்பது ஆண்டுகளாகக் கோலம் போட்டுவந்த மண் அது.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சாலை திறந்ததும் வீடு விழுந்திருக்கும் என்ற அச்சத்தோடு ஓடினோம். வீடு நின்றது. விரிசலோ ஏறத்தாழ மூடியிருந்தது! ஒரு நாணயமும் நுழையவில்லை. மாறாக, அடுக்களைத் தரை நடுவில் உப்பிக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. அம்மாவின் பென்சில் குறிப்புகளில் மே 6 மில்லிமீட்டர், செப்டம்பர் 5, டிசம்பர் 1 என்றிருந்தது. பொறியாளர் எதிர்பார்த்தது இதைத்தான். இறங்கிக்கொண்டே போகும் வீடு வேறு, ஏறி இறங்கும் வீடு வேறு. இரண்டுக்கும் மருத்துவம் ஒன்றல்ல.

11,40,000 ரூபாயின் பொருள் அப்போதுதான் விளங்கியது. பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் புதியது கொடுப்பதென்றால் சுவரை நான்கடித் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்ட வேண்டும். கான்கிரீட் இறுகிய பின்னரே இடையில் விட்டதைத் தொடலாம். சுவரை ஒட்டி இயந்திரம் வர இயலாது, கடப்பாரையும் ஆளும்தான். ஆகவே தொகையில் பெரும்பங்கு கூலி. அதில் பொய்யில்லை. ஆனால் எங்கள் மண் பத்தடிக்கும் கீழே வரை பருவத்துக்கேற்ப அசைகிறது. ஐந்தடியில் நிறுத்தும் கான்கிரீட்டும் அதனோடு சேர்ந்து அசையும். பத்து இலட்சத்துக்கு மேல் செலவிட்டு அதே விரிசலை மீண்டும் வாங்கியிருப்போம். 85,000 ரூபாய்ப் பூச்சு அடுத்த சித்திரை வரை தாங்கியிருக்கும்.

வீடு முழுதும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கினால் பெரிய கேடில்லை; ஒரு மூலை எழ, இன்னொரு மூலை அடங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது. வடக்கில், குளியலறைக் குழாய் மண்ணுக்குள் உடைந்து, எவ்வளவு காலமாகவோ கசிந்திருக்கிறது. அங்கே நிலம் எப்போதும் ஈரம். தென்மேற்கில் சுவரிலிருந்து ஒன்பதடி தூரத்தில் வேம்பு. அப்பா நட்டது. கோடை முழுவதும் அந்த மூலையின் ஈரத்தை அதுதான் குடிக்கிறது.

வெட்டிவிடலாம் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். பின்னர் அதற்காக வெட்கப்பட்டோம். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். தடுத்தவர் பொறியாளர்தான், அதுவும் இரக்கத்தால் அன்று. பல்லாண்டுகள் வேர் உறிஞ்சி வறண்ட மண், மரம் போனதும் மெல்ல மெல்ல நீரேற்று உப்பும். இன்று இறங்கும் மூலை நாளை எழும் என்றார். மரத்துக்கும் சுவருக்கும் இடையே ஆழமாகப் பள்ளம் எடுத்து வேர்த்தடுப்பு வைப்பது, ஆண்டுதோறும் கிளை கழிப்பது என்று முடிவாயிற்று. உள்ளேயிருந்து அம்மா, “காபி போடட்டுமா தம்பி?” என்று கேட்டார்.

கடைசிக் கணக்கு இது. சோதனை 22,000, கழிவுநீர்க் குழாய்களை மாற்ற 38,000, மழைநீர் சுவரோரம் இறங்காமலிருக்க வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத் தளமும் வடிகாலும் 1,05,000, வேர்த்தடுப்பு 64,000, விரிசலுக்குக் குறுக்கே கம்பி பதித்துத் தைக்க 70,000. ஆக 2,99,000. இதில் பூச்சும் வண்ணமும் இல்லை. இரண்டு கோடையும் இரண்டு மழையும் பார்த்த பிறகே பூச வேண்டும் என்பது நிபந்தனை. வருகிறவர்கள் எல்லாம் விரிசலைப் பார்ப்பார்களே என்பதுதான் அம்மாவுக்கு இத்தனை தொகையிலும் பெரிய செலவாகத் தெரிந்தது.

வேலை நடந்தபோது தென்மேற்கு மூலையில் பழைய அஸ்திவாரத்தைத் திறந்து பார்த்தார்கள். கருங்கல், நாலரை அடி. கொத்தனார்கள் அஸ்திவாரக் குழியை ‘வானம்’ என்பார்கள். மண்ணுக்குள் தோண்டுவதற்கு அப்படியொரு சொல் எப்படி வந்ததோ என்று எங்களில் தமிழ் படித்தவருக்கு வியப்பு. வீடு 1987இல் கட்டியது. கரிசலுக்கென்றே அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலேயே உருவாக்கிவிட்டது என்று பொறியாளர் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அப்பவே ஒருத்தர் சொன்னாரு. குழி போட்டு இறக்கணும், பதினாலாயிரம் கூட ஆகும்னு” என்றார்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். இத்தனை மாதங்களில் அம்மா இதைச் சொன்னதே இல்லை.

“வாத்தியார் சம்பளத்துல பதினாலாயிரத்துக்கு எங்க போறது? ரெண்டு நாள் தூங்காம கெடந்தாரு. அப்புறம் நாலரை அடி போதும்னு சொல்லிட்டாரு. நீ ரெண்டாங் கிளாஸ் அப்ப.”

இது நடந்து இரண்டு மழை கடந்துவிட்டது. இம்முறை மே மாதக் குறிப்பில் 2 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. இனிப் பூசலாம் என்று பொறியாளர் தொலைபேசியில் சொன்னார். அம்மாதான் இன்னும் ஒரு மழை போகட்டும் என்கிறார். விரிசலின் மீது நாட்காட்டியை மாட்டி வைத்திருக்கிறார். மாதத் தாளைக் கிழிக்கும் நாளில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, அளந்து எழுதுகிறார்.