கிளையில் தூங்கும் தேன் கரடி

சண்டக்கான் போகிறவர்கள் செப்பிலோக்கில் ஓராங் ஊத்தான் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்களும் திரும்பியிருப்போம். பக்கத்திலேயே இருக்கும் சூரியக் கரடி மையத்துக்குப் போனது என் மகளின் பிடிவாதத்தால்.

பலகைப் பாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால், உயரக் கிளையில் ஒரு கரிய மூட்டை தூங்குகிறது. கரடி இனங்களிலேயே இதுதான் சிறியது. மலாயில் பெருவாங் மாடு. நம் மாடு அல்ல, அங்கே அது தேன்.

மையத்தை 2008-இல் தொடங்கியவர் வோங் சியூ தே. அதற்கு முன்பு, 1999 முதல் 2001 வரை, டானும் பள்ளத்தாக்குக் காடுகளில் ஆறு கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தவர். அடர்காட்டில் கரடி கண்ணில் படுவது அபூர்வம். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, 'பீப்' சத்தம் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறதோ அந்தத் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வானொலியில் பிழைக்கும் எனக்கு இந்த இடத்தில் காது நிமிர்ந்தது. அந்த ஆண்டுகளில் காட்டில் பழம் காய்க்காமல் போக, கரடிகள் எலும்பும் தோலுமாயின. ஆறில் இரண்டு பிறகு இறந்து கிடந்தன.

மையத்தில் இருப்பவை வேறு கதை. பெரும்பாலும் தாயைக் கொன்று பிடிக்கப்பட்டு, வீடுகளில் செல்லப்பிராணியாகக் கூண்டில் வளர்ந்தவை.

"அம்மா, இதோட அம்மா எங்கே?" என்றாள் மகள்.

அவள் வயதில், தெரிந்தவர் வீட்டுக் கூண்டிலிருந்த கரடிக்குட்டிக்கு நான் பிஸ்கட் ஊட்டியிருக்கிறேன். கம்பி வழியே நாக்கை நீட்டி நக்கியது. சிரித்தேன். அன்று நான் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.